பலேர்மோவில் ஒரு செத்தவீடு

என்ரை அன்பான இஞ்சாருங்கோ,

சுகமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கலாமோ தெரியவில்லை. நான் சுகம். உடம்பு இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டது. நீங்கள் கண்டால், இத்தாலிக்காரர் என்னை விற்கவோ வளர்க்கினம் என்று கேட்பீர்கள். என்னோடு ஒரே அறையில் இருக்கிற ரீற்றா, இந்தக் கடிதத்தைக் கோவில் மலரிலும் போடவேண்டும் என்கிறாள். நாலு பேர் வாசிப்பார்கள். அதனால் சில சங்கதிகளை எழுதாமல் விடுகிறேன். நீங்களாகவே நினைத்துக்கொள்ளுங்கோ.

உங்கள் படகு மன்னார்க் கரைக்குத் திரும்பவில்லை என்று உங்கள் தங்கச்சி போனில் சொன்னது போன வருசம். அதன்பிறகு கதைக்கிற நேரமெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான்: "மச்சாள், அண்ணைக்கு ஒரு பூசை குடுப்பமே?" நான் விடவில்லை. உடம்பு வந்ததோ? முகம் பார்த்தோமோ? பிறகென்ன செத்தவர் பூசை? ஆள் எங்கேயோ ஒரு கரையில் குறட்டை விடுகிறது, பசித்தால் வரும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

போன கிழமை கோவில் பாதர் எங்கள் ஆட்களை எல்லாம் ஊர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை வருசமாய் வேலைக்கு வைத்திருக்கிற சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுத் தரையைத் துடைத்த எனக்கு, அதற்கு வெளியே இருந்த ஊர் அன்றைக்குத்தான் தெரிந்தது. வழி காட்ட ஒரு பெட்டை வந்தாள், படிக்கிற பிள்ளை. மடக்கின குடையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். பாவம், விரிக்கத் தெரியாதாக்கும் என்றேன். பாதரும் சிரித்தார். பெரிய கோவில் பார்த்தோம், அரண்மனை பார்த்தோம். கடைசியாக ஒரு துறவிகள் மடம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ரீற்றா எனக்கு வாய் திறக்கவில்லை. சொன்னால் வந்திருப்பேனோ?

படி இறங்க இறங்கக் குளிர்ந்தது. கீழே நீளமான நடைவழி. இரண்டு பக்கச் சுவரிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் செத்த ஆட்கள். அந்தக் காலத்தில் இந்த ஊர்ப் பெரிய மனிதர் செத்தால், துறவிகள் உடம்பைக் காயவைத்து, வினாகிரிக் காடியால் கழுவி, நல்ல உடுப்புப் போட்டு நிறுத்திவிடுவார்களாம். கோட்டு, கையுறை, கழுத்தில் பெயர் எழுதின மட்டை. வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துக் கதைத்துவிட்டுப் போவார்களாம். பெட்டை சொன்னதை ரீற்றா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்ப கருவாடு எண்டு சொல்லன்," என்றேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. என் குரல் மட்டும் அந்த வழியால் போய், ஆரையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் அந்த மனுசனைக் கண்டேன். மற்றவர்கள் குனிந்து நிலத்தைப் பார்க்க, அவர் மட்டும் தலையைச் சரித்து, வலக் காதை என் பக்கம் தந்துகொண்டு நின்றார். சங்கு குளித்து இடக் காது போன பிறகு நீங்கள் அப்படித்தானே நிற்பீர்கள்? நான் பகிடி சொல்லி முடிக்க முதலே சிரிக்கத் தயாராய் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு? அந்த வாயும் திறந்துதான் இருந்தது.

"என்ன, கோட்டெல்லாம் போட்டுப் பெரிய ஆளாய் நிக்கிறியள்?" என்று மெல்லக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றேன். நான் ஏன் நின்றேன்?

கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினேன். காது என் பக்கம். மற்றச் சுவரோடு போய் நின்று பார்த்தேன். அங்கேயும் என் பக்கம். கழுத்தில் கம்பி கட்டியிருக்கிறார்கள், அதுதான் தலை சரிகிறது என்றாள் ரீற்றா. ஓம், கம்பிதான். கம்பி என்னைத் தேடுமோ?

"இவையளுக்குக் கால் நோகாதோ, ரீற்றா?"

"நொந்தால் என்ன செய்யிறது? ஒருத்தரும் படுக்க விடேல்லையே."

அவள் அதை எனக்கென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் பட்டது.

வெளியேறும் இடத்தில் பெட்டை திரும்பி நின்று, செத்தவர்களுக்குக் கை காட்டி "அரிவெதேர்ச்சி" என்றாள். நீங்களும் உங்கள் மொழியில் போய் வருகிறோம் என்று சொல்லுங்கோ என்றாள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்தவீட்டில் நின்று ஆராவது "போட்டு வாறம்" என்பார்களோ? சொல்லாமல்தானே இறங்கி வருவது. அவள் என்னைப் பார்த்தாள், இவ்வளவு நேரமும் வாயாடினவள் நான்தானே. நானும் வாயைத் திறந்துவிட்டேன். அறைக் கதவடியில் இருக்கிற உங்கள் படத்துக்குக் காலையில் "போட்டு வாறன்" சொல்லித்தான் நான் வேலைக்குப் போவேன். பழகின நாக்கு. அந்தக் காதைப் பார்த்தேன். கேட்பதற்கு அப்படி நின்றது. வாயை மூடிக்கொண்டு படி ஏறினேன்.

பாதிப் படியில்தான் விளங்கியது, நான் ஆரிடம் சொல்லாமல் வருகிறேன் என்று. திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் மேலே வரும்வரைக்கும் குளிர்ந்துகொண்டிருந்தது.

மடத்துக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய். பஸ்ஸில் ஏற முதல் எங்கள் ஆட்கள் எல்லாரும் வரிசையாய் நின்று கால் முகம் கழுவினார்கள். இவர்களுக்கு அவ்வளவு புழுக்கமோ என்று பெட்டை பாதரைக் கேட்டாள். நான் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தலையையே குழாய்க்குக் கீழே கொடுத்தேன். உங்கள் செய்தி வந்த அன்றைக்கு முழுகச் சொன்னார்கள், நான் முழுகவில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில், வெள்ளைக்காரர் பார்க்கப் பார்க்க முழுகினேன். ரீற்றா பக்கத்தில் வந்து என் தலைமயிரைப் பிழிந்துவிட்டாள்.

"பாதரிட்டைச் சொல்லட்டே?" என்றாள்.

"சொல்லு."

பஸ்ஸில் பாதர் என் பக்கத்தில் வந்து இருந்து, பூசைக்கு என்ன பெயர் வாசிக்க என்று கேட்டார். ரீற்றா சொல்லப் போனாள், தொடையில் கிள்ளி நிறுத்தினேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. வருகிற ஞாயிறு பீடத்துக்கு முன்னால் நின்று முழுப் பெயரையும் நானே சொல்வேன். இது பாதருக்குச் சொன்ன சொல், உங்களுக்கும் அதுதான். முதல் தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று எழும்பி வந்துவிடாதேங்கோ. அப்படியே படுத்திருங்கோ.

உங்கள் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மனுசி
பிலோமினா