மண் இளகுவதற்குள்

வடக்கு மெய்ன், அமெரிக்கா,
ஏப்ரல் 25, வெள்ளி

அன்புள்ள லூசியன் அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசியை நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய்.

செவ்வாயன்று மறுபடி பனி. எட்டு அங்குலம். நீ இருக்கும் கரோலினாவில் இந்நேரம் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே உருளைக்கிழங்கு வயல்கள் திரும்பவும் வெள்ளை.

பக்கத்து வீட்டு இரேன் அக்கா வேலியோரம் நின்று தினமும் வசந்தம் வந்துவிட்டதாக அறிவிக்கிறார். ராபின் குருவியைப் பார்த்தாராம். கூரையிலிருந்து சொட்டும் ஓசை மாறிவிட்டதாம். தபால்காரர் காதுமூடித் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். செவ்வாயன்று, உங்கள் ராபின் இப்போது எங்கே என்று கேட்டேன். அதுவும் தன்னைப் போலத்தான், அவசரப்பட்டு வந்து மாட்டிக்கொண்டது என்றார். சிரித்தோம்.

சிரித்துவிட்டு இருவரும் ஒரே திசையில் பார்த்தோம். கல்லறைத் தோட்டம் இருக்கும் மேடு.

உனக்குத் தெரியாததில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்துவிடும், இங்கே குழி தோண்ட முடியாது. அப்பா ஜனவரியிலிருந்து தோட்டத்து வாசலில் உள்ள கல் அறையில், சவப்பெட்டிக்குள் காத்திருக்கிறார். பக்கத்துப் பெட்டியில் இரேன் அக்காவின் கணவர் ஜெரார்ட். பிப்ரவரியில் போனார். அவரை மண்ணில் இறக்கும்வரை அக்காவுக்குத் தூக்கம் இல்லை. அக்காவுக்குப் பனி கரைய வேண்டும். எனக்குக் கரையக் கூடாது. வேலியோரம் நாங்கள் பேசும் வானிலை இதுதான்.

வயலை விற்றுவிடலாம் என்று நீ சொன்ன அன்று, இந்த வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. நீ மிதிக்கவில்லை. ஆறு வருடம். ஜனவரியில் தேவாலயத்துக்கும் வரவில்லை. "மண்ணு இளகட்டும், வர்றேன்" என்றாய். அதன்பிறகு பேச்சே இல்லை. பெட்டியை மண்ணில் இறக்கும் நாளிலும் நீ வராவிட்டால், பிறகு இந்த ஊருக்கு வர உனக்கு ஒரு காரணமும் இருக்காது. அதுதான் என் பயம்.

உன்னை வரவழைக்க எனக்கு நாள் வேண்டும். அதனால் ஒன்று செய்தேன். புதன்கிழமை காலை மண்வாரியோடு மேட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவின் இடம். சுற்றிலும் கிடந்த பனியை அள்ளி அதன்மேல் கொட்டினேன். மிதித்தேன். மறுபடி கொட்டினேன். மண் இறுகியே கிடக்கட்டும் என்று. படித்தவள் செய்கிற காரியமா என்று நடுவில் தோன்றியது. கை நிற்கவில்லை.

நிமிர்ந்தபோது எதிரே இரேன் அக்கா. ஜெரார்டின் இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார். என் முகம் எரிந்தது. திரும்பிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அதில் நான்கு மூட்டை மரத்தூள்.

"வெறும் பனி மூணு நாள் தாங்காதுடி. இது மேல கெடந்தாத்தான் உருகாது. உங்கப்பன் இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

இருவருமாகத் தூவினோம். அவருக்கு மூச்சு வாங்கியது. லூசியனுக்காகத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மண்வாரியில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு வாரம். அதுக்கு மேல உங்கப்பன் எமிலைக் காக்க வைக்காதே. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நேற்று கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நார்மன் இரும்புக் கம்பியோடு வந்தார். ஜெரார்டின் இடத்தில் பனியை விலக்கிக் குத்தினார். முழுக் கம்பியும் இறங்கியது. நாளை அவருக்கு அடக்கம். நம் இடத்துக்கு வந்தார். மரத்தூளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியைத் தொடவே இல்லை. "இங்க இன்னும் இறுகித்தான் கெடக்கு" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்பாவின் அடக்கம் மே பத்து, சனிக்கிழமை, காலை பத்து மணி. அதற்கு மேல் தள்ள அவராலும் முடியாது.

அப்பா கடைசியில் உன்னைக் கேட்டாரா என்று ஜனவரியில் தொலைபேசியில் கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். கேட்கவில்லை, அண்ணா. பொய் சொல்லி உன்னை அழைக்க மனம் வரவில்லை. அவருக்காக வா என்றும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி இறங்கும்போது நான் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். நார்மன் பெயர்களைக் கேட்டார். ஐந்து சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஆறாவதை என்னைக் கேட்காமல் அவரே எழுதிக்கொண்டார்.

ஆற்றோரச் சாலை முழங்கால் சேறு. மேட்டு வழியாக வா. காரை இரேன் அக்கா வீட்டு முற்றத்தில் நிறுத்தலாம், கேட்டுவிட்டேன். வழியெல்லாம் கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் தங்கை,
கொலெட்