அது பல்லி இல்லை

நெய்வேலி,
9.2.1971

மதிப்பிற்குரிய நீலாம்பாள் அவர்களுக்கு,

முசரவாக்கம் ஆதிகேசவன் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பெண் உறுதி செய்ய வந்து, பாதியில் எழுந்து போனவன். நாங்கள் சுகமாக ஊர் சேர்ந்தோம்; நான் சுரங்க வேலைக்கு நெய்வேலி திரும்பிவிட்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகந்தானே?

உங்கள் அப்பாவுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். "கலியன் மாமா அவர்களுக்கு" என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. நான் கேட்க வேண்டியதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

தாம்பூலத் தட்டு கை மாறப்போகிற நேரத்தில் உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து என் தலையில் ஏதோ விழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சுமந்த நான் மட்டும் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை இதே வழக்கு. அம்மா பல்லி என்கிறாள். முனிசாமி மாமா அரணை என்கிறார். மாமி பாம்புக்குட்டி என்று சொல்லி என்னை வியர்க்க வைத்தார். உங்கள் அப்பா அணில் என்று சொன்னது எங்களைச் சமாதானப்படுத்த என்று புரிகிறது.

அம்மாவைப் பொல்லாதவள் என்று நினைக்காதீர்கள். என் அப்பா இறந்த வருஷம், அவர் போவதற்கு முன்னால், எங்கள் கூரையில் ஒரு கழுகு வந்து உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். அதிலிருந்து அவளுக்கு எதையும் சும்மா விட மனசு வருவதில்லை. "வுழுந்தது இன்னான்னு தெரியட்டும், அப்பால தட்டு மாத்திக்கலாம்" என்கிறாள். பல்லி தலையில் விழுந்தால் கெடுதல்தான். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில். தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தீர்ந்தது. பல்லி இல்லையென்றால்தான் வம்பு. பஞ்சாங்கத்தில் அதற்குப் பலனும் இல்லை, பரிகாரமும் இல்லை.

நீங்கள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். எல்லோரும் எழுந்து கத்தியபோது நீங்கள் மட்டும் அசையவில்லை. அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறாள். "அந்தப் பொண்ணு நல்லா பாத்துச்சு. அது சொன்னா ஒத்துக்கறேன்" என்கிறாள்.

அது பல்லிதானே?

இப்படிக்கு,
கோ. ஆதிகேசவன்


சின்ன காஞ்சிபுரம்,
14.2.1971

உயர்திரு ஆதிகேசவன் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அப்பா படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். அவருடைய வாடகை சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது படித்துக் காட்டப்பட்டுவிட்டது. ஆகவே நாம் கூச்சப்படுகிற கட்டம் தாண்டிவிட்டது.

அது பல்லி இல்லை.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு நூலை நிறம் பார்த்துப் பிரிக்கிறவள். முகம் மறப்பேன், நிறம் மறக்க மாட்டேன். அது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கறுப்பு உடம்பில் கழுத்திலிருந்து இடுப்பு வரை மாம்பழ மஞ்சளில் வளையங்கள். வாலுக்கு ஒரு நிறம் என்று சொல்ல முடியாது. ஊடும் பாவும் வேறு வேறு நிறத்தில் நெய்த புடவையைத் திருப்பினால் நிறம் மாறுமே, அப்படி அரக்காகவும் பச்சையாகவும் மாறியது. பல்லிக்கு அந்தப் பளபளப்பு கிடையாது. எங்கள் தோட்டத்து அரணைக்கு வளையம் கிடையாது. உடும்புக்குட்டி என்று சொல்லிப் பார்க்கலாம். உடும்புக்கு நாக்கு பிளந்திருக்கும், இதற்கு முழுசாக இருந்தது. நாக்கை எப்படிப் பார்த்தாய் என்று கேட்பீர்கள். என்னைப் பார்த்து நீட்டியது.

விழுந்த மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. இறங்கின மாதிரி இருந்தது. உங்கள் முடிமேல் நின்று கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு தோள் வழியாக இறங்கி, தட்டிலிருந்த வெற்றிலை மேல் நடந்து, பின்வாசல் பக்கம் போய்விட்டது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அசையாமல் இருந்தேன். தைரியசாலி என்று எண்ணிவிட வேண்டாம்.

பல்லி என்று எழுதினால் எல்லோருக்கும் சௌகரியம் என்று தெரிகிறது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
நீலாம்பாள்


நெய்வேலி,
23.2.1971

அன்புள்ள நீலாம்பாளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு சுரங்கத்தில் தொப்பி போடும்போதுகூட மெதுவாகப் போடுகிறேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அது நின்ற இடம் எனக்கு இன்னும் தெரிகிறது. ஈரம் இல்லை, கனம் இல்லை, ஒரு குளிர்ச்சி மட்டும்.

என்னோடு தங்கியிருக்கும் சாமுவேல் நாகர்கோவில் பக்கத்துக்காரன். அவன் ஊர் மலையில் விலாப்புறத்தை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் பறக்கிற ஓணான் உண்டாம். "இறக்கை இருந்துச்சான்னு கேட்டு எழுது" என்கிறான். இருந்ததா?

நேற்றுக் கனவில் அது வந்தது. எங்கள் சுரங்கம் ஒரு ஏரியை வற்ற வைத்தது போல அகலமாக, பள்ளமாக இருக்கும். அதன் அடியில் நிலக்கரி மேல் அது நடந்து போனது. நடந்த இடமெல்லாம் இலை துளிர்த்தது. நான் தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கரியெல்லாம் மனிதர் வருவதற்கு முன்னால் பெரிய காடாக இருந்ததாம். அந்தக் காட்டிலிருந்து வழி தவறி வந்ததோ என்று சாமுவேல் கேட்டான். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு, "விசாரித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆதிகேசவன்


சின்ன காஞ்சிபுரம்,
4.3.1971

அன்புள்ள உங்களுக்கு,

பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். அம்மா கூடாது என்றாள். ஆகவே இப்படி.

இறக்கை இல்லை. நிச்சயமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை மறுபடி பார்த்தேன். பக்கத்து வீட்டில் சாயம் போட்ட நூலைக் கொல்லையில் மூங்கிலில் காயப் போட்டிருந்தார்கள். மத்தியான வெயில். தெருவில் ஒரு சத்தம் இல்லை. மஞ்சள் நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் நடுவில் அது படுத்திருந்தது. எங்கே நூல் முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது என்று தெரியவில்லை. நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் சாய்ந்து நிழல் வந்ததும் அது எழுந்து போனது. சோறு ஆறிவிட்டது என்று அம்மா திட்டினாள்.

சைக்கிள் கடையில் இதுவரை முடிவாகவில்லை. மதராஸ் துறைமுகத்திலிருந்து மரக்கட்டையோடு லாரியில் வந்தது என்கிறார் ஒருவர். முதலைக்குஞ்சு என்கிறார் இன்னொருவர். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வருகிற சமண நயினார் ஒருவர் மட்டும், பேர் எதுவானால் என்ன, யாரும் அடிக்காமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடித்துக்கொண்டு போனார்.

உங்களை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் பாதி நேரம் உங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சரியாக ஞாபகமில்லை. ஆனால் தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பினால் சந்தோஷமாக இருக்கிறது.

அன்புடன்,
நீலாம்பாள்


நெய்வேலி,
15.3.1971

அன்புள்ள நீலாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். அம்மா காத்திருந்து அலுத்துவிட்டாள். வாலாஜாபாத்தில் ஒரு பெண்ணைச் சொல்லியிருக்கிறார்களாம். வைகாசிக்குள் எனக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறாள். அதற்கு முன்னால் உன் வீட்டுக்கு வந்து நேரிலேயே ஒரு தடவை கேட்டுவிடப் போகிறாள்.

எனக்கு வேறு இடம் வேண்டாம். நீதான் வேண்டும். இதை எழுத எனக்கு வெட்கமாக இல்லை.

ஒரே ஒரு வார்த்தை, நீலா. பல்லி என்று சொல்லிவிடு. கோயிலுக்குப் போய்த் தொட்டுவிடுவோம், அம்மா மனசு ஆறிவிடும். அது என்ன என்பது நமக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். ஊருக்கு எதற்கு?

உன்,
ஆதிகேசவன்


சின்ன காஞ்சிபுரம்,
24.3.1971

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அம்மா நேற்று வந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல், "கோயிலுக்குப் போலாம் வாமா" என்று என் கையைப் பிடித்தார்கள். வெளியூர்க் கூட்டம் வரிசையில் நின்றது. நாங்களும் நின்று படியேறினோம். மேலே கைக்கு எட்டுகிற உயரத்தில் பல்லிகள். அவர்கள் என் கையை எடுத்துத் தங்கப் பல்லியின்மேல் வைத்தார்கள்.

"இந்த மாரிதானே இருந்துச்சு? சொல்லுமா. நீ சொன்னா போதும், வெத்தலை பாக்கு பையிலியே கீது" என்றார்கள்.

என் கையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த அழுத்தத்தில்தான் எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. உங்களை இழந்துவிடக் கூடாது என்கிற பயம் அவர்களுக்கு, எனக்கும் அதே பயம்தான். சொல்லிவிடலாம் என்று வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"இல்லீங்கம்மா. இந்த மாரி இல்ல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேம்மா."

பின்னாலிருந்து யாரோ, "வழி வுடுமா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார்கள். இறங்கிவிட்டோம். பஸ் ஏறும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ஒரு வார்த்தைதான் என்று எழுதினீர்கள். உங்களோடு குடித்தனம் நடத்துகிற காலத்தில் இன்னும் எத்தனையோ நடக்கும். நான் ஒன்றைப் பார்ப்பேன். எல்லோருக்கும் சௌகரியமான வேறொன்றைச் சொல்லச் சொல்வீர்கள். முதல் நாளே சொல்லிப் பழகிவிட்டால் அப்புறம் எந்த நாளில் மாட்டேன் என்பது? என் கண்ணை உங்கள் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர என்னால் முடியாது.

எனக்குத் துக்கமாக இருக்கிறது. உங்களைப் பிடித்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. வாலாஜாபாத்துப் பெண் நல்லவளாக இருக்கட்டும். இனி எழுத வேண்டாம்.

நீலாம்பாள்


முசரவாக்கம்,
12.4.1971

என் நீலாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

நேற்று அம்மாவோடு வாலாஜாபாத் போனேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உன்மேல் கோபமாக இருந்தது, அதனால் போனேன். பெண் வந்து நமஸ்காரம் செய்தாள். காபி வந்தது. காஞ்சிபுரத்துக் கதை அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. பெண்ணின் அப்பா பேச்சை எடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "பல்லிதாங்க. கோயில்ல தொட்டுக் கும்புட்டாச்சு" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, "பல்லிதானே தம்பி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் முடிந்தது. ஒரு வார்த்தை என்று உனக்கு அலட்சியமாக எழுதியவன் நான். அங்கே உட்கார்ந்து அதைச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அம்மா கையைப் பிடித்து நிற்கும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னிடம் அதைக் கேட்டது எவ்வளவு பெரிய தப்பு என்றும் தெரிந்தது.

"இல்லீங்க. பல்லி இல்ல. அது வேற. பேர் தெரியாது" என்றேன்.

மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தார்கள். அனுப்பிவிட்டார்கள். பஸ் நிற்கிற புளியமரத்தடியில் அம்மா உட்கார்ந்து அழுதாள். "பல்லின்னாலும் பெருமாள் பாத்துக்குவாரு. பேரே தெரியாத ஒண்ணு தலையில வுழுந்த புள்ளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

"ஒரு வூட்ல குடுப்பாங்கம்மா" என்றேன்.

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காஞ்சிபுரத்தில் பஸ் மாறுகிறபோதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கும் கண்ணு மங்கிக்கினு வருது. நல்லா கண்ணு தெரியிற பொண்ணு ஒண்ணு வூட்ல இருக்கறது நல்லதுதான்" என்றாள்.

சித்திரை பிறந்ததும் வெள்ளிக்கிழமை வருகிறோம். உனக்கு வேண்டாம் என்றால் ஒரு வரி போடு. அதை மாற்றி எழுதச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

உன்,
ஆதிகேசவன்