முதுகுக்குப் பின்னால் விழுந்த கோல்

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்பதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

தோற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நம் கால்பந்து கிளப் சீசன் டிக்கெட் விலையை ஏற்றியதும், ரசிகர் கூட்டத்தில் எகிறியவன் நீ. “ஆட்டம் முழுக்க மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிப்போம். திரும்பிப் பாக்கிறவன் துரோகி.” “காசு கட்டியாச்சு, பாத்துட்டாவது திட்டலாமே” என்ற என் வீட்டுக்காரரின் வாயையும் அடைத்தாய்.

நேற்று நம் பயல்கள் இந்த சீசனின் முதல் கோலைப் போட்டார்கள். எதிர் கேலரி அலறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தேன்.

இன்றைய பேப்பரில் படம். நம் வரிசை முழுக்க முதுகு. நடுவில் ஈயென்று இளிக்கும் ஒரே முகம், உன்னுடையது.

வீட்டுப் பக்கம் வராதே. போன் செய்தாலும் எடுக்கமாட்டேன்.

எந்தக் காலால் அடித்தான் என்று மட்டும் எழுதி அனுப்பு.

உன் அக்கா