கம்பி மாற்றிய கிட்டார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

மலிவாக ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன், திட்டாதே. சத்தம் மந்தமாக இருந்ததால் புதுக் கம்பி போட்டேன், பிறகு அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பையும் மாற்றினேன். அப்படியும் போர்வைக்குள் வாசிப்பது போலவே கேட்டது. கடைக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு, "கணீர்னுதானே இருக்கு. நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்றார். தகரம் அடிக்கும் பட்டறையில் என்றேன். காது டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். போனது போனதுதானாம். வலி இல்லை, கவலைப்படாதே.

போனில் பாப்பா பேசியதற்கெல்லாம் இத்தனை நாள் வெறுமனே 'ம்' கொட்டியிருக்கிறேன். இனி அவள் சொல்வதைத் தாளில் எழுதி அனுப்பு. மழலையைத் திருத்தாதே.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் தோளைத் தட்டுகிறார்.

பாப்பாவின் அப்பா