என்ன எண்ணெயில் பொரித்தது?

மச்சான்,

பெட்டியைத் திறக்க முன்பே மணம் வந்துவிட்டது. யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய மருமகள் பிள்ளைகளுக்கென்று பொரித்த கோழி வாங்கி வந்திருந்தாள். அடிப்பக்கம் எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டி. பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். எனக்கு அந்த மணம் பசியைக் கிளப்பவில்லை, கோபத்தைத்தான் கிளப்பியது. கோழி என்ன பாவம் செய்தது? நீ செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று உன் வீட்டில் நடந்ததுதான் நினைவில் வந்தது. உன் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றையும் தொடக்கி வைத்தவள் கனடாவிலிருக்கும் உன் மகள். “அப்பா, இனி விதை எண்ணெய் சாப்பிடாதேங்கோ” என்று தொலைபேசியில் சொன்னாள். எந்த விதை என்று நீ கேட்கவில்லை. அடுத்த நாள் நான் எண்ணெய்க் கடை திறந்ததும் திறக்காததுமாக, பருத்தித்துறைச் சந்தைக்குள் எல்லோரும் பார்க்க, பாதி முடிந்த நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய்.

“இதைத் திருப்பி எடு. எள்ளு விதையெல்லோ.”

“பேரிலையே நல்லது இருக்கடா. நல்லெண்ணெயையோ திருப்பிக் கொண்டந்தனி?”

“பேரைச் சொல்லி விக்கிறவன் நீ. பேரைப் பாத்துத் தின்னுறவன் நானில்லை.”

“அப்ப தேங்காய் என்ன? மண்ணுக்கை தாட்டால் முளைக்காதோ?”

நீ தலையைச் சொறிந்தாய். “தேங்காய் கோயிலிலை உடைக்கிறது. விதையை ஆரும் கோயிலிலை உடைப்பினமோ?”

சந்தையே சிரித்தது. பிறகு மகள்தான் திருத்திச் சொன்னாள். ஆலையில் சூடாக்கி, வெளுக்க வைத்து எடுக்கிற சூரியகாந்தி, சோயா, சோள எண்ணெய்களைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள். நீ கொஞ்சமும் வெட்கப்படாமல் திரும்பி வந்து, “அந்தப் போத்தலைத் தா” என்று கை நீட்டினாய்.

அந்த எண்ணெய்கள் கெடுதலோ இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. டொக்டர்மாரே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் வியாபாரி. இங்குள்ள சாப்பாட்டுக் கடைகள் பலவற்றுக்குச் சூரியகாந்தி எண்ணெய்த் தகர ரின்கள் என் கடையிலிருந்துதான் போகின்றன. நீ தொடமாட்டேன் என்றதை நான் விற்றேன். நீ என்னோடு கோபிக்கவுமில்லை, நான் விற்பதை விடவுமில்லை.

மகள் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்திலிருக்கும் அந்தக் கோழிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கண்ணாடிக் கதவு, குளிர், பின்னால் நீண்ட வரிசை. நீ அவசரமேயில்லாமல் காசாளர் பிள்ளையிடம் கேட்டாய்.

“பிள்ளை, உங்கை என்ன எண்ணெயிலை பொரிக்கிறியள்?”

“தெரியாது ஐயா. ரின்னிலை வாறது.”

“ரின்னிலை பேர் இருக்குமெல்லோ. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

பின்னால் நின்ற பெடியன் ஒருவன் பொறுக்கமாட்டாமல், “ஐயா, கோழி தின்ன வந்தனியளோ, எண்ணெய் குடிக்க வந்தனியளோ?” என்றான்.

“தம்பி, ரண்டும் ஒண்டாத்தான் வயித்துக்கை போகுது.”

அவள் உள்ளே போய்ப் பார்த்து வந்து சோயா என்றாள். நீ நன்றி சொன்னாய். பேரப்பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுத்தாய். உனக்குச் சுட்ட கோழியும் அவித்த சோளமும். “வெள்ளைச் சோஸ் பூசவேண்டாம் பிள்ளை, அதுவும் எண்ணெய்தான்.” கொத்துரொட்டிக் கடைக்குப் போனால் சட்டைப் பையிலிருந்து மருந்துப் போத்தலில் தேங்காய் எண்ணெய் எடுத்து, “இதை ஊத்திக் கொத்து” என்று கொடுக்கிற ஆள் நீ. அதற்கும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், “ஏன்டா போற இடமெல்லாம் மானம் வாங்கிறாய்?”

“போட் எஞ்சின் திருத்திறவன் நான். எஞ்சினுக்கே என்ன ஒயில் எண்டு கேட்டுத்தான் ஊத்திறன். வயித்துக்குக் கேக்கக்கூடாதோ?” என்றாய். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, குரலைத் தணித்து, “சண்டைக்கை இடம்பெயர்ந்து தென்மராட்சியிலை நிக்கேக்கை நிவாரணத்துக்கு லைனிலை நிண்டமெல்லோ. என்ன எண்ணெய் எண்டு கேட்டமோ? தந்ததை வாங்கினம், திண்டம். இப்ப என்ரை உழைப்பிலை தின்னுறன். இப்பவும் வாயைப் பொத்தவோ?” என்றாய்.

அந்த வரிசையில் உனக்குப் பின்னால் நின்றவன் நான்.

பிறகொரு காலை, கரையில் எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே குந்திவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். செத்த வீட்டிலேயே உன் மைத்துனர் தொடங்கிவிட்டார். “எண்ணெய் எண்ணெயெண்டு கடை கடையாய்ச் சண்டை பிடிச்ச மனுசன். கடைசியிலை என்னத்தைக் கண்டது? நாங்கள் எல்லாத்தையும் தின்னுறம், குத்துக்கல்லு மாதிரி இருக்கிறம்.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

“அவன் சாகாமல் இருக்கவோ கேட்டவன்? தெரிஞ்சு தின்னவெல்லோ கேட்டவன்” என்றேன். யார் காதிலும் விழவில்லை.

எட்டுச்செலவு வந்தது. போனவர் விரும்பி உண்டதையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, கதவைச் சாத்தி, அவரைத் தனியே உண்ண விடுகிற நாள். உனக்குச் சுறா வறை இருந்தது, கணவாய்க் கறி இருந்தது, கூழ் இருந்தது. பொழுதுபடும் நேரம் உன் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் அந்தக் கடையின் பொரித்த கோழிப் பெட்டி.

“அப்பா பிள்ளையளோடை அங்கைதானே போனவர், மாமா. விருப்பமாயெல்லோ போனவர்.”

“தம்பி, உந்தப் பெட்டி இலையிலை ஏறக்கூடாது.”

“செத்த ஆளுக்கு என்ன எண்ணெய் எண்டு ஆர் பாக்கப்போறது?” என்றார் உன் மைத்துனர். “நேரம் போகுது. நீ வையடா.”

“உயிரோடை இருக்கேக்கை உந்தப் பொரியலிலை ஒரு துண்டு வாயிலை வைக்காதவன். இனிக் கேக்கமாட்டான் எண்டு தெரிஞ்சவுடனை வாய்க்கை தீத்தப் பாக்கிறியளோ?”

“எண்ணெய் யாவாரியெல்லோ. செத்த வீட்டிலையும் தன்ரை எண்ணெயை விக்கப் பாக்கிறார்.”

சுட்டது மச்சான். ஆனாலும் நான் விடவில்லை. “ஓம், எண்ணெய் யாவாரிதான். அதுதான் ரின்னுக்கை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். விக்கிறதே நான்தானே!”

உன் மகன் பெட்டியோடு இலைக்கு முன்னால் நின்றான். வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. அப்போது உன் மனைவி குசினியிலிருந்து வந்தாள்.

“அண்ணை சொல்லுறது சரி. அவர் உதைத் தின்னமாட்டார். பசிக்கிற ஆக்கள் வெளியிலை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ.”

கறிக்கென்று வெட்டி வைத்திருந்த கோழியில் நாலைந்து துண்டை எடுத்து, தாச்சியில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பொரித்தாள். அத்தனை சனமும் காத்திருந்தது. முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நான் படையல் அறை வாசலிலேயே நின்றேன். சுடச்சுட இலையில் வைத்த பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். வெளியே உன் மைத்துனர் அந்தப் பெட்டியைத் திறந்து முழுவதையும் தின்று முடித்தார். அது அவர் விருப்பம். அவர் கேட்டுத் தின்கிறவரல்ல.

அன்றிலிருந்து போகிற கடையெல்லாம் நான் கேட்கிறேன். கொத்துரொட்டிக் கடையில் கேட்கிறேன், கோழிக் கடையில் கேட்கிறேன். என் மகன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். “அப்பா, நீங்களே ரின் விக்கிறியள், நீங்களே போய்க் கேக்கிறியள். ஆக்கள் சிரிக்கினம்.” சிரிக்கட்டும்.

போன கிழமை, பஸ் நிலையத்தடியில் கோழி பொரித்து விற்கிறவன் என் கடைக்கு வந்தான். நெடுநாள் வாடிக்கை, பெரிய வாடிக்கை.

“அண்ணை, உங்களைப் பாத்து இப்ப வாறவன் போறவன் எல்லாம் எண்ணெயைக் கேக்கிறான். நீங்கள் கொஞ்சம் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கவேணும். இல்லையெண்டால் நான் வேறை இடத்திலை எடுப்பன்.”

“கேட்டால் பேரைச் சொல்லிவிடன். என்ன வெக்கம்?”

“ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக்கொண்டு நிண்டால் கடை நடத்தேலாது.”

“அப்ப வேறை இடத்திலை எடு.”

போய்விட்டான். லேசில் ஒரு வாடிக்கையை விடுகிற ஆளா நான்? உனக்குத் தெரியும். கடைப் பெடியள் என்னை விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நட்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

நாளை மத்தியானம் அவன் கடைக்குச் சாப்பிடப் போகிறேன், மச்சான். இதுவரை அங்கே நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, என் எண்ணெய்தானே. இப்போது எங்கே எடுக்கிறானோ, என்ன எடுக்கிறானோ, எனக்குத் தெரியாது. கேட்கத்தான் வேண்டும்.