இரண்டு மாத்திரை, நாற்பது நாள்

24-2-1971, புதன்
சாம்பல் புதன். அம்மா காபித்தூள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். லெந்து நாற்பது நாளும், ஈஸ்டர் வரைக்கும், காபி கிடையாதாம். அரையாண்டுப் பரீட்சையில் நான் கணக்கில் ஃபெயில். முழுப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டு பொருத்தனை. நாளுக்கு ஐந்து தம்ளர் குடிக்கிறவள். “காபி இல்லாட்டி செத்தா போயிடுவேன்?” என்று சிரித்தாள்.

25, வியாழன்
அம்மாவுக்குத் தலைவலி. தெருவில் தேர்தல் வண்டி போனபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

26, வெள்ளி
பம்மல் பக்கமிருந்து தோல் பதனிடுகிற நாற்றம் காற்றில் வந்தது. அம்மா வாந்தி எடுத்தாள். ரத்தினபாய் டீச்சருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மூளையில் கட்டி. கிறிஸ்துமஸுக்கு டீச்சர் இல்லை. அப்பாவிடம் சொன்னால் உடம்புச் சூடு என்கிறார். சூடா? எனக்காகத்தானே அம்மா —

27, சனி
டிஸ்பென்சரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் அசரியா அண்ணன் இரண்டு மாத்திரை மடித்துக் கொடுத்தார். ஒன்றைப் போட்ட அரை மணியில் அம்மா மாவாட்ட எழுந்துவிட்டாள். திரும்பவும் ஓடிப்போய், கட்டி இல்லையா என்று கேட்டேன்.

“கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தினம் காபி குடிச்ச தலைம்மா. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் இடிக்கும். காபிக்கொட்டையில இருக்கிற காஃபீன் இந்த மாத்திரையிலயும் கொஞ்சம் கீது, அதான் சட்டுனு கேட்டுது. ஒரு வாரத்துல தானா போயிடும்.”

கட்டி இல்லை, கட்டி இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. அப்படியானால் பொருத்தனை முறிந்துவிட்டதா? தெரிந்தால் அம்மா இரண்டாவதைத் தொடமாட்டாள்.

28, ஞாயிறு
ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் அம்மாவுக்கு வலி திரும்பிவிட்டது. நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை நீட்டினேன். கணக்கு போனால் போகட்டும். அம்மா மாத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விழுங்கினாள்.

ஆண்டவரே, இது என் பாவம். அம்மாவுடையது இல்லை.

4-3, வியாழன்
வலி போய்விட்டது. காலையில் என்னைத் திட்டினாள். நன்றாக இருந்தது.

11-4-1971, ஈஸ்டர்
கணக்குப் பரீட்சை எழுதியாயிற்று. எப்படி என்று அம்மா கேட்கவே இல்லை.

இன்று வீடெல்லாம் காபி வாசனை. அப்பாவுக்கு ஒரு தம்ளர், எனக்கு ஒன்று. அம்மாவுக்கு இல்லை. ஏன் என்றேன்.

“ரெண்டு மாத்திரை போட்டேனே. அதுக்கு ஈடா இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

மாத்திரையில் என்ன இருந்தது என்று தெரியுமா என்றேன்.

“அன்னிக்குக் கோயில்லயே அசரியா சொல்லிட்டாரு. நீ நீட்டினப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். எப்படிடீ வேண்டாம்பேன்?”

என் தம்ளரை அப்பா பக்கம் நகர்த்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை சேர்ந்து குடிப்போம்.