அமாவாசைக்குப் பூட்டிய திடல்

இன்று காலை உன் மகள் நம் பழைய வாலிபால் வலையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "பரண்ல இருந்துச்சு மாமா. உங்ககிட்டதான் இருக்கணும்னு அம்மா சொன்னாங்க." நடுவில் அறுந்த இடத்தை நீ கழிவுப் பட்டு நூலை முறுக்கித் தைத்திருந்தாய். அரக்குச் சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அந்தத் தையலைத் தடவிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் நம் வாலிபால் சங்கத்துக்கு இருந்தது இந்த வலையும் ஒரு பந்தும்தான். சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் முள் வெட்டி நாமே திடல் போட்டோம். நாமெல்லாம் நெசவாளிகள்; அமாவாசையன்று தறி ஓடாது. அதனால் அன்றுதான் ஆட்டம், அன்றுதான் கூட்டம். அடுத்த அமாவாசை வரை யார் கேப்டன் என்று வியர்வை காயும் முன்பே கை தூக்கி முடிவு செய்வோம். ஒரு தடவை ஆட்டமே தெரியாத டீக்கடைக்காரரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாதம் முழுக்க முழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "தப்புன்னாலும் நம்ம தப்புடா" என்று நீ சிரித்தாய்.

இரண்டாயிரத்துக்குப் பின் அரசாங்கத் திட்டம் வந்தது. சுற்றுச்சுவர், விளக்குக் கம்பம், பயிற்சியாளர் எல்லாம் தருவார்கள். பதிலுக்கு அதிகாரி ஒருவர் தலைவராக இருப்பார், அணியை அவருடைய குழு தேர்ந்தெடுக்கும், ஆட்டமும் கூட்டமும் இனி சனிக்கிழமை. 'ஒவ்வொரு அமாவாசையும்' என்று நாம் எழுதிய விதியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"லைட்டு போடறது அவங்க கடமைடா. அதுக்காக யாரு ஆடணும்னு அவங்க இன்னாத்துக்கு சொல்லணும்?" என்றாய்.

"ஊர்ப் பணத்துல குடுக்கறாங்க, நாலு கேள்வி கேக்கமாட்டாங்களா? சும்மா பேஜார் பண்ணாத" என்றேன்.

கை தூக்கினோம். இரண்டு பக்கமும் சமம். மிச்சமிருந்தது என் கை. திட்டத்துக்காகத் தூக்கினேன். நீ வலையை அவிழ்த்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு போனாய்.

சுவர் எழும்பிய பின் வந்த முதல் அமாவாசைக்குப் போனால் கதவில் பூட்டு. மனு கொடுத்தால்தான் சாவி என்றார் காவலாளி. நாம் முள் வெட்டிய இடத்துக்கு நானே மனு எழுதினேன். சனிக்கிழமைகளில் தறியை விட்டு வரமுடியாமல் நம் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எனக்கு உன்மேல் கோபம், என்மேலும் கோபம். எது அதிகம் என்று பிடிபடவில்லை.

ஆனால் அதே திடலில்தான் உன் மகள் ஆடக் கற்றாள். நம் காலத்தில் பெண் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. அங்கே நடந்த மாவட்டப் போட்டியில் அவள் ஆடிய அன்று சாயங்காலம் நீ வந்து சுவரோரம் நின்றாய். விளக்குகள் எரிந்ததும், "வெளிச்சம் நல்லாத்தான் கீது" என்றாய். சமாதானமா, குத்தலா? கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

"அப்பா ஏன் மாமா சங்கத்த உட்டாரு?" என்று இன்று கேட்டாள்.

"நான் கை தூக்கினதாலம்மா."

"தூக்காம இருந்திருந்தா நான் எங்க மாமா ஆடியிருப்பேன்?"

நாளை அமாவாசை. சாவிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். உன் வலையையும் மடித்து வைத்திருக்கிறேன். மனுவைக் கொடுத்து உள்ளே போவேனா, பூட்டிய கதவுக்கு முன்னால் தெருவிலேயே வலையைக் கட்டுவேனா, சத்தியமாக எனக்கே தெரியவில்லையடா.